ஆணா, பெண்ணா? – எண்ணிக்கை சொல்வது என்ன

மகப்பேறு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் காத்திருக்கும் உறவினர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு குழந்தை பிறக்கப் போகிறது. வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கும் பாட்டி, “வயிறு கூம்பினாற் போல் இருந்தது, பையன்தான்” என்கிறார். அத்தையோ, “அவள் மாங்காய்க்கு ஆசைப்படவே இல்லை, பெண்தான்” என்று அடித்துச் சொல்கிறார். கதவைத் திறந்துகொண்டு செவிலியர் வந்து ஒரே ஒரு சொல் சொல்கிறார். பாட்டியோ அத்தையோ, ஒருவர் நிச்சயம் கெட்டிக்காரி ஆகிவிடுகிறார்!

அந்த ஒரு சொல்லை எண்ணாக மாற்றி எழுதுவதிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குவோம். ஆண் என்றால் 1, பெண் என்றால் 0 என்று எழுதிக் கொள்வோம். (மாறாகவும் எழுதலாம், கணிதத்துக்கு அதில் ஓரவஞ்சனை இல்லை.) குழந்தை பிறக்கும் வரை அது 0-ஆ 1-ஆ என்று சொல்ல இயலாது. ஆனால் இவ்விரண்டில் ஒன்றுதான் என்பதும், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழப் பாதி வாய்ப்பு என்பதும் தெரியும். இவ்வாறு, ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்த பின்னரே மதிப்பு தெரியவரும் எண்ணைச் சமவாய்ப்பு மாறி என்கிறோம். அதன் மதிப்புகளை 0, 1, 2 என்று விரல் விட்டு எண்ண முடியுமானால் அது தனித்த சமவாய்ப்பு மாறி. ஒரு குடும்பத்தில் எத்தனை பெண்கள் என்பது இவ்வகை. குழந்தையின் எடை இவ்வகை அன்று. மூன்று கிலோவுக்கும் மூன்றே கால் கிலோவுக்கும் இடையே எந்த எடையும் இருக்கலாம். எந்தெந்த மதிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்று எழுதிய பட்டியலே நிகழ்தகவுப் பரவல். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இந்தச் சொற்களைக் கண்டு மிரளும் மாணவியர், பாட்டியும் அத்தையும் வாதாடும் பெஞ்சை நினைத்துக் கொண்டால் போதும்.

நான்கு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். இக்காலத்தில் அரிது என்றாலும் நம் பாட்டிமார் காலத்தில் அது சிறிய குடும்பம். அங்கே எத்தனை பெண்கள் இருக்கலாம்? ஒவ்வொரு பேறும் பாதிக்குப் பாதி என்று கொண்டால், நான்கு குழந்தைகளும் வரிசையாகப் பிறக்கக்கூடிய விதங்கள் 2 × 2 × 2 × 2, அதாவது 16. இவற்றில் பெண்ணே இல்லாதது 1, ஒரு பெண் உள்ளவை 4, இரண்டு பெண்கள் உள்ளவை 6, மூன்று பெண்கள் உள்ளவை 4, நால்வரும் பெண்களாய் இருப்பது 1. இந்த 1, 4, 6, 4, 1 என்பதை ஈருறுப்புத் தேற்றத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் இதற்கு ஈருறுப்புப் பரவல் என்று பெயர்.

இந்தச் சிறிய பட்டியலிலேயே ஒரு வியப்பு உண்டு. நான்கு குழந்தைகள் என்றால் இரண்டு ஆண், இரண்டு பெண் என்று அமைவதே இயல்பு என்று நினைக்கிறோம். ஆனால் அதற்கு 16-இல் 6 வாய்ப்புத்தான். மூன்றுக்கு ஒன்று என்று அமைவதற்கோ 16-இல் 8 வாய்ப்பு, அதாவது சரிபாதி! நான்கு குழந்தைகள் உள்ள இரண்டு வீடுகளில் ஒன்று இப்படித்தான் இருக்கும். ‘ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி’ என்று பழமொழி சொல்கிறதே, ஐந்து குழந்தைகள் பெற்ற அரசன் ஆண்டியாவதற்கு உள்ள வாய்ப்பு 32-இல் 1. அரண்மனைகள் அவ்வளவு பயப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இனி, இதில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம். நான்கும் பெண்களாய்ப் பிறந்த வீட்டில் ஐந்தாவது குழந்தை வரப்போகிறது. “நாலும் பெண்ணாய்ப் போயிற்று, இனி பையன்தான் வந்தாக வேண்டும்” என்று ஒரு சாரார் சொல்வர். “அவள் ராசியே பெண் பிள்ளை ராசி, இதுவும் பெண்தான்” என்று இன்னொரு சாரார் சொல்வர். ஈருறுப்புப் பரவல் இருவருக்கும் தலையாட்டுவதில்லை. ஐந்தும் பெண் என்பதற்கு 32-இல் 1 வாய்ப்பு என்பது, ஒரு குழந்தையும் பிறக்காதபோது போட்ட கணக்கு. நான்கு பிறந்த பின்னர் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பேறு. அதற்கு உரிய வாய்ப்பு அதே பாதி. முன்பு என்ன நடந்தது என்று இந்தப் பேற்றுக்குத் தெரியாது. இதையே சார்பற்ற நிகழ்ச்சிகள் என்று பாடத்தில் படிக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தரும் இந்தச் சொல், எத்தனையோ வீடுகளில் ஒரு தாயின் நிம்மதியைக் காத்திருக்கக் கூடியது.

ஏனெனில், பாதிக்குப் பாதி என்ற இந்த வாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 1905-ஆம் ஆண்டே ஒரு பெண்மணி கண்டறிந்து எழுதிவிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிரின் மார் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்பவரே அவர். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, சேர்த்த பணத்தைக் கொண்டு முப்பத்தைந்தாம் வயதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தவர். மாவில் உண்டாகும் ஒருவகை வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, பெண் வண்டின் உயிரணுக்களில் 20 பெரிய குரோமோசோம்கள் இருப்பதையும், ஆண் வண்டில் 19 பெரியவையும் ஒரு சிறியதும் இருப்பதையும் கண்டார். ஆண் வண்டின் விந்தணுக்களில் பாதி அந்தச் சிறியதைச் சுமக்கின்றன. மறுபாதி பெரியதைச் சுமக்கின்றன. எது சினைமுட்டையைச் சேர்கிறதோ அதைப் பொறுத்தே குட்டி ஆணா பெண்ணா என்பது அமைகிறது. அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்ற அறிஞரும் தனியே ஆராய்ந்து இத்தகைய முடிவுக்கு வந்தார். மனிதரிலும் வழி இதுவே. தாயின் சினைமுட்டைகள் யாவும் இவ்வகையில் ஒரே மாதிரி. வேறுபாடு தந்தையின் பக்கமிருந்து வருகிறது, அதுவும் அவர் விருப்பப்படி அன்று. ஸ்டீவன்ஸ் 1912-இல் ஐம்பது வயதில் மறைந்தார். ‘பெட்டைப் பிள்ளையாகவே பெற்றுப் போடுகிறாள்’ என்று மருமகளை ஏசும் பேச்சு மட்டும் அவருக்குப் பின் நூறாண்டு கடந்தும் மறையவில்லை.

இந்த ஏச்சுக்கு அஞ்சும் பெண்களை நம்பிப் பிழைப்பவர்களும் உண்டு. ஆண் குழந்தை பிறக்க மருந்து தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். விலை ஆயிரம் ரூபாய். “பெண் பிறந்தால் பணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறேன்” என்று உறுதியும் அளிக்கிறார். எவ்வளவு நேர்மை என்று தோன்றும்! கணித எதிர்பார்ப்பு என்னும் கருவியால் இதை அளந்து பார்ப்போம். ஒவ்வொரு மதிப்பையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் வருவதே கணித எதிர்பார்ப்பு. பலமுறை நடக்கும்போது சராசரியாகக் கைக்கு எட்டும் தொகை என்று அதைக் கொள்ளலாம். ஆண் பிறந்தால் அவருக்கு 1,000 ரூபாய், வாய்ப்புப் பாதி. பெண் பிறந்தால் 0, வாய்ப்புப் பாதி. ஆக எதிர்பார்ப்பு 500 ரூபாய். நூறு பேர் வாங்கினால் மருந்து வெறும் வெல்லத் தண்ணீராய் இருந்தாலும் அவர் கையில் ஐம்பதாயிரம் ரூபாய் தங்கும். ஏறத்தாழ ஐம்பது வீடுகள் அவரை வாழ்த்தவும் செய்யும். மற்ற ஐம்பது வீடுகள் பணம் திரும்பக் கிடைத்ததால் வாய் திறக்கமாட்டா.

வயிற்றைப் பார்த்துச் சொல்பவர்களின் புகழும் இப்படி வளர்வதுதான். கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேருக்குச் சொன்னாலும் ஏழும் அதற்கு மேலும் பலிப்பதற்கு 1024-இல் 176 வாய்ப்பு உண்டு. நூறு பாட்டிமார் ஆளுக்குப் பத்து முறை சொன்னால் பதினேழு பேர் ‘சொன்னால் தப்பாது’ என்று பெயர் வாங்கிவிடுவர். மற்ற எண்பத்து மூன்று பாட்டிமார் சொன்னதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

‘பாதிக்குப் பாதி, ஒன்றையொன்று சாராதவை’ என்று நாம் தாளில் எழுதிக் கொண்டது உண்மையான குடும்பங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் 1876 முதல் 1885 வரை பதிவான பிறப்புகளை ஆர்தர் கைஸ்லர் என்பவர் திரட்டினார். அவற்றில் பன்னிரண்டு குழந்தைகள் பெற்ற குடும்பங்கள் மட்டும் 6,115. ஆறு ஆண், ஆறு பெண் என்று அமைந்தவை 1,343 குடும்பங்கள். ஈருறுப்புப் பரவல் சொல்லும் எண்ணிக்கை 1,367. நான்கு ஆண், எட்டுப் பெண் என்றிருந்தவை 670. பரவல் சொல்வது 628. எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! அந்தத் தாய் தந்தையர் எவரும் பாஸ்கல் முக்கோணத்தைப் பார்த்துப் பிள்ளை பெறவில்லை.

ஆனால் ஓரங்களில் சிறு வேறுபாடு தெரிகிறது. பன்னிரண்டும் ஆண்களாய் இருந்தவை 7 குடும்பங்கள். கணக்குப்படி இரண்டுதான் இருக்க வேண்டும். பன்னிரண்டும் பெண்களாய் இருந்தவை 3, கணக்குப்படி ஒன்று. ஒவ்வொரு குடும்பத்தின் நாணயமும் அச்சாக ஒரே மாதிரி இல்லாமல், சில வீடுகளில் ஒரு பக்கமும் சில வீடுகளில் மறுபக்கமும் சற்றே சாய்ந்திருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். 2020-இல் சுவீடன் நாட்டின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அத்தகைய சாய்வு எதையும் காணவில்லை. 2025-இல் ஐம்பத்தெட்டாயிரம் அமெரிக்கச் செவிலியரின் பிள்ளைப்பேற்றை ஆராய்ந்தவர்கள், மூன்று பெண்கள் பிறந்த வீட்டில் நான்காவதும் பெண்ணாய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 58 என்றனர். வாதம் தீரவில்லை. எந்தப் பக்கம் தீர்ந்தாலும், ‘இனி பையன்தான் வந்தாக வேண்டும்’ என்ற கட்சிக்கு மட்டும் அதில் ஆதரவு கிடையாது.

இன்னொரு கேள்வி. இதை மேல்வகுப்பு மாணவியரிடம் கேட்டால் பெரும்பாலோர் தவறான விடையே சொல்வர். பெற்றோரும் முயன்று பார்க்கலாம். ஒரு நாட்டில் எல்லாத் தம்பதியரும் ஆண் குழந்தை பிறக்கும் வரை பெற்றுக் கொண்டே போகின்றனர்; ஆண் பிறந்ததும் நிறுத்திவிடுகின்றனர். அந்த நாட்டில் ஆண்கள் மிகுவரா, பெண்கள் மிகுவரா?

ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண் நிச்சயம். ஆகவே ஆண்கள் மிகுவர் என்பார் சிலர். சில வீடுகளில் ஏழெட்டுப் பெண்கள் இருப்பர். ஆகவே பெண்கள் மிகுவர் என்பார் சிலர். 1,024 குடும்பங்களை எடுத்து எண்ணுவோம். முதற்பேற்றில் 512 ஆண், 512 பெண். ஆண் பெற்றவர்கள் நிறுத்திவிட்டனர். மீதி 512 வீடுகளில் இரண்டாம் பேறு: 256 ஆண், 256 பெண். அடுத்தது 128-உம் 128-உம். ஒவ்வொரு சுற்றிலும் சரிசமம். ஆகவே கூட்டினாலும் சரிசமம். முதல் வெற்றி எத்தனையாவது முயற்சியில் கிடைக்கும் என்பதைச் சொல்லும் இந்த 1/2, 1/4, 1/8 என்னும் பட்டியல், பெருக்குத் தொடரில் நீங்கள் கண்டதுதான்; பரவலுக்கும் பெருக்குத் தொடர்ப் பரவல் என்றே பெயர். சராசரியாக ஒரு வீட்டுக்கு இரண்டு குழந்தைகள் என்று வருகிறது. பெற்றோரின் ஆசை குடும்பத்தின் அளவை மாற்றும். பல அக்காமாருக்குப் பின் ஒரு தம்பி என்ற காட்சியையும் உண்டாக்கும். நாட்டின் ஆண் பெண் விகிதத்தை அது தொடுவதில்லை. இந்த விடையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதுவரை இத்தனை குழந்தைகளில் எத்தனை பெண்கள் என்று எண்ணினோம். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை பேறுகள் என்றும் எண்ணலாம். அதற்கு உரியது பாய்சான் பரவல். 1837-இல் வெளிவந்த தம் நூலில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் இதைத் தந்தார். நாளொன்றுக்குச் சராசரி நான்கு சுகப்பிரசவங்கள் நடக்கும் ஒரு மருத்துவமனையில், ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு நாட்களில் ஒரு குழந்தையும் பிறக்காது. பதினெட்டு, பத்தொன்பது நாட்களில் எட்டும் அதற்கு மேலும் பிறக்கும். அப்படிப்பட்ட நாளில் கட்டில் போதாமல் செவிலியர் திண்டாடும்போது, ‘இன்று அமாவாசை, அதனால்தான்’ என்று யாராவது சொல்வார். அமாவாசை வேண்டியதில்லை, சராசரி நான்கு என்பதே போதும். (நாள் குறித்துச் செய்யும் அறுவைப் பேறுகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது, நல்ல நேரம் பார்த்து வருவன சமவாய்ப்பாக வருவதில்லை!)

இப்போது இலண்டனுக்குச் செல்வோம். ஆன் அரசியாரின் மருத்துவராயிருந்த ஜான் ஆர்பத்னட், 1710-இல் இலண்டனின் திருமுழுக்குப் பதிவுகளைக் கணக்கில் எடுத்தார். 1629-ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற ஆண் குழந்தைகள் 5,218, பெண் குழந்தைகள் 4,683. அது முதல் 1710 வரை 82 ஆண்டுகள். ஓராண்டு கூடத் தவறாமல் ஆண்களே மிகுதி! பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் ஓராண்டில் ஆண்கள் மிகுவதற்கு வாய்ப்பு அரை. 82 ஆண்டும் மிகுவதற்கு, அரையை 82 முறை பெருக்க வேண்டும். விடை, 25 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணில் ஒரு பங்கு. ஆகவே இது குருட்டு வாய்ப்பாக இருக்க முடியாது, கடவுளின் பராமரிப்பே என்று அவர் எழுதினார். போரிலும் கடலிலும் ஆண்கள் அதிகம் மடிவதால், ஒருவனுக்கு ஒருத்தி என்று அமைவதற்காகவே சற்று மிகுதியாகப் படைக்கப்படுகின்றனர் என்பது அவர் கருத்து.

இதற்கு நிக்கோலஸ் பெர்னோலி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் அளித்த மறுமொழி அழகானது. பாதிக்குப் பாதி என்று ஏன் தொடங்க வேண்டும் என்றார் அவர். முப்பத்தைந்து முகங்கள் கொண்ட ஒரு பகடையை எண்ணிக் கொள்ளுங்கள். பதினெட்டு முகங்கள் வெள்ளை, பதினேழு கறுப்பு. வெள்ளை விழுந்தால் ஆண், கறுப்பு விழுந்தால் பெண். இதை ஆண்டுக்கு 14,000 முறை உருட்டினால் சராசரியாக 7,200 ஆண், 6,800 பெண். இந்தச் சராசரியை விட்டு எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஊசலாடும்? அதை அளப்பதுதான் திட்ட விலக்கம். முயற்சிகளின் எண்ணிக்கையை ஆண் வாய்ப்பாலும் பெண் வாய்ப்பாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது, இங்கே 59. நூறில் தொண்ணூற்றைந்து முறை எண்ணிக்கை சராசரிக்கு இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் அடங்கிவிடும். மூன்றைத் தாண்டுவது ஆயிரத்தில் மூன்று முறைதான். பெண்கள் மிகுவதற்கோ ஆண்கள் 7,200-இலிருந்து 7,000-க்குக் கீழே இறங்க வேண்டும். அது மூன்று விலக்கத்துக்கும் மேல். ஆகவே இந்தப் பகடையை ஒப்புக்கொண்டால், 82 ஆண்டுகள் ஆண்களே மிகுந்தது பெரிய அதிசயம் அன்று. அந்தப் பகடையில் பதினெட்டு வெள்ளை முகங்களை வைத்தவர் யார் என்று கேட்கலாம். நல்ல கேள்வி, ஆனால் அதற்குக் கணித வகுப்பில் விடை கிடையாது, மறைக்கல்வி வகுப்பில் கேட்க வேண்டும்.

பதினெட்டுக்குப் பதினேழு என்னும் இந்த அளவு இன்றும் ஏறத்தாழச் சரியே. உலகின் பெரும்பாலான நாடுகளில் நூறு பெண்களுக்கு நூற்றைந்து, நூற்றாறு ஆண்கள் பிறக்கின்றனர். நம் நாட்டு வழக்கப்படி ஆயிரம் ஆண்களுக்கு என்று சொன்னால் 944 பெண்கள்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஒரு சிற்றூருக்குப் போவோம். அங்கே ஓராண்டில் இருபது குழந்தைகள் பிறந்தன. பதினான்கு ஆண், ஆறு பெண். ‘ஏதோ நடக்கிறது’ என்று சந்தேகப்படலாமா? பாதிக்குப் பாதி என்று வைத்தாலே, இருபதில் பதினான்கும் அதற்கு மேலும் ஆணாய் அமைய நூற்றுக்கு ஆறு வாய்ப்பு உண்டு. நூறு ஊர்களை எடுத்தால் எவர் கையும் படாமலே ஆறு ஊர்களில் இப்படி இருக்கும். இன்னும் ஆறு ஊர்களில் பதினான்கும் அதற்கு மேலும் பெண்களாய் இருப்பர். இருபது குழந்தைகளை மட்டும் வைத்து ஓர் ஊரின் மேல் பழி போட முடியாது. ஒரு தாயின் மூன்று குழந்தைகளை வைத்து அவள்மேல் பழி போடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

இனி நாடு முழுவதற்கும் வருவோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் ஏறத்தாழ 16 கோடியே 45 லட்சம். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 919 பெண் குழந்தைகள். 1991-இல் இது 945, 2001-இல் 927. வகுப்பில் இந்த எண்களைச் சொன்னால், 944-க்கும் 919-க்கும் இருபத்தைந்துதானே வேறுபாடு, அது சிறியதுதானே என்று சிலருக்குத் தோன்றும். அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 16.45 கோடி குழந்தைகளில் பெண்களின் எண்ணிக்கை தானாக ஊசலாடக்கூடிய அளவு, அதாவது திட்ட விலக்கம், ஆறாயிரத்து நானூறு. பதினெட்டுக்குப் பதினேழு என்ற கணக்கிலிருந்து குறைந்திருப்பதோ பதினோரு லட்சம். அதாவது 175 திட்ட விலக்கம்! மூன்றைத் தாண்டுவதே அரிது என்று சற்று முன் பார்த்தோம். ஆர்பத்னட் கண்ட இருபத்தைந்து இலக்க எண் இதன் முன்னே ஒன்றுமில்லை.

“ஆண் பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் பெண்கள் குறைந்திருக்கலாம்” என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விடை இங்கே வேண்டும்: நிறுத்துவதால் விகிதம் மாறாது. தாயின் ராசியாலும் மாறாது, அமாவாசையாலும் மாறாது. கருவிலேயே பெண் என்று அறிந்து அழிப்பதும், பிறந்த பின் கவனியாமல் விடுவதும், கொல்வதுமே இந்த இடைவெளியை உண்டாக்கியவை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சோதித்துச் சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது அதனால்தான். ஸ்கேன் நிலையங்களில் ‘இங்கே பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது’ என்ற பலகை தொங்குவதும் அதனால்தான். நம் மாநிலத்தில் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் என்பதற்காகக் குழந்தையைக் கொல்ல நினைப்பவர்கள் அதைத் தொட்டிலில் விட்டுச் செல்லட்டும், அரசு வளர்க்கும் என்ற எண்ணத்தில்.

2011-இல் தமிழ்நாட்டின் எண் 943. 944-க்கு எவ்வளவு அருகில் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சராசரி என்பது பல உண்மைகளை மூடி மறைக்கும் போர்வை என்பதைப் புள்ளியியல் படிப்பவர்கள் முதலிலேயே தெரிந்து கொள்ள வேண்டும். அதே கணக்கெடுப்பில் கடலூர், அரியலூர் மாவட்டங்களின் எண் 900-க்கும் கீழே இருந்தது. ஒரு மாவட்டத்தில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் இரண்டு லட்சம் என்று வைத்துக் கொண்டால், தானாக ஏற்படும் ஊசலாட்டம் 224 பேர். ஆயிரத்துக்கு 900 என்ற எண்ணுக்கு நேரான குறைவு இரண்டாயிரத்து நானூறுக்கும் மேல்.

2011-க்கு அடுத்த கணக்கெடுப்பு 2027-இல் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. அதில் உங்கள் மாவட்டத்துக்கு உரிய எண் செய்தித்தாளில் வெளிவரும்போது மூன்று எண்கள் போதும்: குழந்தைகளின் மொத்தம், அவர்களில் பெண்கள், பெர்னோலியின் பதினெட்டுக்குப் பதினேழு. ஒரு பெருக்கல், ஒரு வர்க்கமூலம், ஒரு கழித்தல். கடைசி வரியில் வருவது இரண்டுக்குள் இருக்கிறதா, இருபதைத் தாண்டுகிறதா என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் கணக்கிட்டுவிடலாம்.